வியாதி பாப்பாவுக்குத்தானுங்க

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. ஜன்னலோரம் வேணுங்களா? நான் இந்தப் பக்கம் நகந்துக்கறேன். எங்க, சேலத்துக்கா? ஓ, சங்ககிரியிலயே எறங்கிக்குவீங்களா. நான் சேலம் போயி அங்கிருந்து தர்மபுரிக்கு வண்டி மாறணுமுங்க. பாத்தீங்களா, கண்டக்டர் என்கிட்ட எந்த ஊருன்னு கேக்கவே இல்லை, டிக்கெட்டைக் கையில குடுத்துட்டுப் போறாரு. அவ்வளவு பழக்கம். அதுக்காக நான் பொண்டாட்டி பின்னால திரியற ஆளுன்னு நெனச்சுக்காதீங்க. அதை முதல்லயே சொல்லிர்றேன்.

உங்களைப் பாத்தா நியாயம் தெரிஞ்சவராட்ட இருக்கறீங்க. நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேலன்னு. எங்கூருல யாருகிட்டச் சொன்னாலும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க. வியாதி வந்தது என் புள்ளைக்கு. வைத்தியத்தைத் தூக்கி என் தலையில வெச்சுட்டாங்க. இதென்ன நாயமுங்க?

என் பேரு மோகனசுந்தரம். கோபியில மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கறேன். எரிஞ்சு போன போர் மோட்டாரு, கெணத்து மோட்டாரு எல்லாம் நம்மகிட்டத்தான் வரும். வீட்டுல கோகிலவாணி. ஒரே பொண்ணு, வர்ணிகா. பாப்பான்னுதான் கூப்புடறது.

பாப்பாவை எல்.கே.ஜி. சேத்துனோமுங்க. முத நாளு எல்லாப் புள்ளைங்களும் அழுதுச்சுங்க. கொஞ்ச நாள்ல மத்ததெல்லாம் நிறுத்திருச்சுங்க. நம்ம பாப்பா நிறுத்தலை. பாசம் ஜாஸ்தி. அந்த மத்த புள்ளைங்களை நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருந்துச்சு. அப்பன் ஆத்தா மேல ஒட்டுதல் இல்லாம வளத்தியிருக்கறாங்களேன்னு.

லீமா மிஸ்ஸுன்னு ஒரு சின்னப் பொண்ணு, அதுதான் கிளாஸ் டீச்சரு. "சார், கேட்டுல விட்டுட்டு உடனே கிளம்பிருங்க, நாங்க பாத்துக்கறோம்"னு சொல்லுச்சு. அதெப்படிங்க உடனே கிளம்பறது? நானென்ன மோட்டாரையா எறக்கி வெச்சுட்டுப் போறேன்? புள்ளை காலைக் கட்டிக்கிட்டு நிக்குது. நானும் நின்னேன். அது அழுதா எனக்கும் கண்ணுல தண்ணி வரும். தூசிங்க. அந்த ஸ்கூல் முன்னால மண்ரோடு.

ஒரு நாள் ஒரு ரோசனை பண்ணுனேன். "அங்க பாரு கண்ணு, மரத்து மேல மயிலு"ன்னு கையைக் காட்டுனேன். பாப்பா திரும்புச்சு. நான் டக்குனு தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். திரும்பிப் பாத்தா மயிலும் இல்லை, அப்பனும் இல்லை. ஓன்னு ஒரு கத்து கத்துச்சு பாருங்க, உள்ள பிரேயர்ல நின்ன புள்ளைங்க அத்தனையும் திரும்பிப் பாத்துச்சு. அழுது அழுது வாந்தி எடுத்துருச்சு. சட்டையெல்லாம் நாசம். மிஸ்ஸுகிட்டக் கேட்டேன், "ஏம்மா, இத்தனை பேரு இருந்துட்டு ஒரு புள்ளையைச் சமாதானம் பண்ணத் தெரியலையா"ன்னு.

அதுக்கப்புறம் வீட்டுலகூடப் பாப்பா என்னைய உடலைங்க. நான் பாத்ரூம் போனா வெளிய உக்காந்துக்கும். "அப்பா, இருக்கறயா?"ன்னு கேக்கும். "இருக்கறன் கண்ணு"ம்பேன். கொஞ்ச நேரங் கழிச்சு மறுக்கா, "அப்பா, இருக்கறயா?" எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுங்களா? எந்தப் புள்ளைங்க இப்படிக் கேக்கும்?

ஸ்கூலுக்கு எதுத்தாப்புல ஒரு பேக்கரி. கடையை நம்ம ஆளுங்ககிட்ட உட்டுட்டுக் காலையில அங்க போயி உக்காந்துக்குவேன். பாப்பா கிளாஸ்ல ஜன்னலோரம். பெல் அடிக்கறப்பெல்லாம் நான் கையைக் காட்டுவேன், அது கையைக் காட்டும். அழுகை கொஞ்சங் கொறைஞ்சுது. நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? அந்த மிஸ்ஸு பாப்பாவைத் தூக்கி அந்தப் பக்கத்து ஜன்னல்கிட்ட உக்கார வெச்சுருச்சு. புள்ளை போர்டையே பாக்கறதில்லையாம், பேக்கரியையே பாக்குதாம்.

சரின்னு நானும் அந்தப் பக்கம் போனேன். ஸ்கூலுக்குப் பின்னால மக்காச்சோளக் காடு. ஆளு ஒயரம் வளந்து நிக்குது. நடுவுல நின்னு எக்கி எக்கிக் கையைக் காட்டுனேன். காட்டுக்காரரு வந்து சட்டையைப் புடிச்சுட்டாரு. கதிரு திருட வந்தவன்னு நெனச்சுட்டாருங்க. "எம் புள்ளையைப் பாக்க வந்தனுங்க"ன்னேன். "புள்ளை சோளக்காட்டுலயா படிக்குது?"ன்னாரு. அவரு பேத்தியும் அதே கிளாஸாம். மறுநாளு ஊரு பூராவும் தெரிஞ்சுபோச்சு.

கடலை சாப்பிடுவீங்களா? வாங்கிக்கங்க, பவானி கடலை. வேண்டாங்களா? பரவாயில்லை, கையில வெச்சுக்கங்க.

அப்புறம் காலையில யூனிபார்ம் போட்டாலே பாப்பாவுக்கு வயித்துவலி வர ஆரம்பிச்சுது. சுருண்டு படுத்துக்கும். லீவுன்னு சொன்னா எந்திரிச்சு உக்காந்துக்கும். கோகிலா அடிக்காத கொறையா எழுப்புவா. நான் உடமாட்டேன். புள்ளைக்கு லீவு, எனக்கும் லீவு. ரெண்டு பேரும் ஜம்முனு டி.வி. பாப்போம். மத்தியானத்துக்குள்ள வலி போயிரும். எனக்கும் அப்படித்தான், அன்னிக்கெல்லாம் உடம்பு லேசா இருக்கும்.

ஸ்கூல்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க, டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்கன்னு. ஈரோட்டுல ரெஹானான்னு ஒரு டாக்டரம்மா. கொழந்தைங்க மனசுக்குப் பாக்கறவங்க. ஊசி மருந்தெல்லாம் இல்லை. தரையில பாயைப் போட்டுப் புள்ளைகூட உக்காந்து பொம்மை வெச்சு வெளையாடுறாங்க. இதுக்கு நம்ம வீட்டுலயே வெளையாடலாமேன்னு நெனச்சேன்.

வெளையாடிக்கிட்டே டாக்டரம்மா கேட்டாங்க, "வர்ணிகா குட்டி, ஸ்கூலுக்குப் போனா என்ன ஆயிரும்னு பயமா இருக்கு?"

பாப்பா சொல்லுச்சு, "நான் போயிட்டா அப்பா தனியா இருக்கும். அப்பாவுக்குப் பயமா இருக்கும். அழும்."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க! நாலு வயசுப் புள்ளைங்க! அப்பன் மேல அவ்வளவு அக்கறை. பெருமையாக் கோகிலாவைப் பாத்தேன். அவ தரையைப் பாத்துட்டிருந்தா. டாக்டரம்மா என்னைய மட்டும் கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தாங்க. அவங்களுக்கும் மனசு எளகிருச்சாட்ட இருக்குது.

அப்புறம் வெவரமாச் சொன்னாங்க. இதுக்குப் பேரு பிரிவுப் பதட்டமாம். சின்னக் கொழந்தைங்க பெத்தவங்களைக் காணம்னா அழறது வாஸ்தவந்தானாம், அது வளர்ச்சியில ஒரு பாகமாம். ஆனா வயசு தாண்டியும் நின்னுக்கிட்டு, ஸ்கூலுக்குப் போகவிடாம, வயித்துவலி வாந்தின்னு உடம்புல காட்டுனா அதைப் பாத்துச் சரி பண்ணணுமாம். கொழந்தை நடிக்கலையாம், வலி நெஜந்தானாம். அப்படிச் சொன்னதும் கோகிலாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஒளிஞ்சுக்கிட்டு ஓடறது கூடாதாம். அப்பா எப்ப மாயமாப் போவாரோன்னு கொழந்தை சதா காவல் காக்குமாம். சொல்லிட்டுப் போகணும், சுருக்கமாச் சொல்லணும், சொன்ன நேரத்துக்கு வரணும். முதல்ல பக்கத்து வீட்டுல கொஞ்ச நேரம் உட்டுப் பழக்கணும், அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா நீட்டணும்.

"பெரியவங்களுக்கும் இது வரும், மோகன் சார்"ன்னாங்க கடைசியா.

நான் சிரிச்சுட்டேன். "பெரியவங்களுக்கு எதுக்குங்க மேடம் வருது? அவங்க ஸ்கூலுக்கா போறாங்க?"ன்னேன். எப்படி? சரியாக் கேட்டனா? அந்தம்மா பேச்சை மாத்திட்டாங்க. எங்க அம்மாவைப் பத்தி, நான் படிச்ச ஸ்கூலைப் பத்தியெல்லாம் கேக்க ஆரம்பிச்சாங்க. புள்ளைக்கு வயித்துவலின்னா அப்பன் படிச்ச ஸ்கூலு எதுக்குங்க?

கேட்டாங்களேன்னு சொன்னேன். என்னைய ஒண்ணாங் கிளாஸ்லயே நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல்ல சேத்துனாங்க. எங்கம்மா, "பொரி உருண்டை வாங்கிட்டு வந்தர்றன் சாமி, இங்கயே நில்லு"ன்னு சொல்லிட்டுப் போச்சு. பொங்கல் லீவுக்குத்தான் வந்துச்சு. அவ்வளவுதான் விசயம். அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானுங்க புள்ளைங்களை உட்டுட்டு வருவாங்க. வார்டன் வந்து தூக்கிட்டுப் போற வரைக்கும் நான் அங்கயே நின்னனாமா. எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லை. படிக்கட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சிருந்தாங்க, ஓரத்துல ஒரு கொழாய் சொட்டிக்கிட்டே இருந்துச்சு, அம்மாவோட செருப்புச் சத்தம் கேட் வரைக்கும் கேட்டுச்சு, அதுக்கப்புறம் கேக்கலை. அவ்வளவுதான். மத்ததெல்லாம் மறந்தே போச்சு. "அது வேற, இது வேற மேடம்"னேன்.

சரி, வைத்தியத்துக்கு வர்றேன். கேட்டுல ஒரே ஒரு வாக்கியம் சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம வரணும்னு எனக்கு உத்தரவு. நானும் ஒரே வாக்கியந்தான் சொன்னேன். "அப்பா இங்கதான் பக்கத்துல கடையில இருப்பேன் கண்ணு, எங்கயும் போக மாட்டேன், அழுகை வந்தா மிஸ்ஸுகிட்டச் சொல்லு, மிஸ்ஸு போன் பண்ணுனா ஓடி வந்தர்றேன், வண்டியில பெட்ரோல் இருக்குது, அழுகை வரலைன்னாலும் சொல்லு"ன்னு... முடிக்கறதுக்குள்ள பிரேயரே முடிஞ்சிருச்சு. பாப்பாவுக்கு அதுவரைக்கும் அழுகையே வரலை. பெட்ரோல்னு சொன்னப்ப வந்துருச்சு.

கோகிலா அன்னிக்கே சொல்லிட்டா, "மாமா, நாளையில இருந்து நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க கேட் பக்கமே வரக் கூடாது."

அவ ஒருத்தியாவே பண்ணுனா. பக்கத்து வீட்டு ஈஸ்வரியக்காகிட்டக் கொஞ்ச நேரம் உட்டுட்டுக் கடைக்குப் போயிட்டு வருவா. சொன்ன நேரத்துக்கு டான்னு வந்துருவா. பாப்பா அழுவும், இவ கல்லாட்டப் போவா, வந்ததும் கட்டிப் புடிச்சுக்குவா. அப்புறம் ஸ்கூலு. "சாயங்காலம் வர்றன் கண்ணு", ஒரு முத்தம், அவ்வளவுதான். நான் பேக்கரியில ஒரு தூணுக்குப் பின்னால நின்னு பாப்பேன். மாசம் தாண்டறதுக்குள்ள ஒரு நாளு பாப்பா செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, இன்னொரு புள்ளை கையைப் புடிச்சுக்கிட்டு, விடுவிடுன்னு உள்ள போயிருச்சு. திரும்பிக்கூடப் பாக்கலைங்க சார்! கோகிலா ரோட்டுல நின்னு சிரிக்கறா. பெத்த தாயி! நான் டீயைப் பாதியில வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

நேரா ரெஹானா மேடத்துக்குப் போனைப் போட்டேன். "மேடம், உங்க வைத்தியம் கொஞ்சம் ஓவராப் போயிருச்சுங்க. புள்ளை என்னைய மறந்துருச்சு. டோஸைக் கொஞ்சம் கொறைங்க"ன்னேன். "மருந்தே குடுக்கலையே மோகன் சார், எதைக் கொறைக்கறது?"ன்னு கேக்கறாங்க. படிச்சவங்ககிட்ட இதுதான் தொந்தரவு. எதைச் சொன்னாலும் மடக்குவாங்க.

இது இப்படி இருக்க, கோகிலாவுக்கு வேலை வந்துருச்சு. கவர்மென்ட் பரிச்சை எழுதியிருந்தா. நான்தான் படிக்க வெச்சேன். படிக்கட்டும், படிச்சுட்டு வீட்டுல இருந்தா நல்லதுதானேன்னு. அவ பாஸ் பண்ணிட்டா. அதுவும் தர்மபுரியில போஸ்டிங். கலெக்டர் ஆபீஸ்ல இளநிலை உதவியாளர்.

எனக்கு என்னைப் பத்திக் கவலையில்லீங்க. பாப்பாவை நெனச்சுத்தான் பதறிப்போனேன். "இப்பத்தான் புள்ளைக்குச் சரியாயிருக்குது, நீ போனா மறுக்கா ஆரம்பிச்சுரும், அப்புறம் புள்ளை உருப்படாது"ன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அவ கேக்கலை. சரி, டாக்டரம்மா வாயிலயே சொல்ல வெக்கலாம்னு ரெண்டு பேரையும் ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

டாக்டரம்மா பாப்பாகிட்டக் கேட்டாங்க. பாப்பா கலர் பென்சில்ல என்னமோ கிறுக்கிக்கிட்டே சொல்லுச்சு, "நான் அம்மாகூடப் போறேன். அங்கயும் ஸ்கூல் இருக்குது. ஊஞ்சல்கூட இருக்குதாம்." அப்புறம் தலையைத் தூக்கி, "அப்பாவை யாரு கூட்டிட்டுப் போறது?"ன்னுச்சு.

கோகிலா சொன்னா, "அப்பாவும் வரலாம் கண்ணு. தர்மபுரியில கெணறு இல்லையா, மோட்டார் எரியாதா?"

எப்படிப் பேசறா பாருங்க. பொண்டாட்டிக்கு வேலைன்னு புருசன் கடையைத் தூக்கிட்டுப் பின்னாலயே போறதா? ஊரு என்ன பேசும்? எனக்குன்னு ஒரு மரியாதை இருக்குதில்லீங்களா? "நீ போனாப் போ, நான் வர மாட்டேன்"னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். அவ போயிட்டா. பாப்பாவையும் கூட்டிட்டு.

அன்னிக்கு அவங்களை பஸ் ஏத்தி உட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். பாத்ரூம் போனேன். வெளிய சத்தமே இல்லை. "இருக்கறன் கண்ணு"ன்னு நானே சொல்லிப் பாத்தேன். சும்மா, வெளையாட்டுக்கு. அப்ப ஆரம்பிச்சுதுங்க நெஞ்சுல ஒரு படபடப்பு. ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். ஈ.சி.ஜி. எடுத்தாங்க, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. வயித்துல கேஸ்னு நானே முடிவு பண்ணி மாத்திரை வாங்கிக்கிட்டேன். கேஸுங்க. ஹோட்டல் சாப்பாடு.

போன்ல பேசுனா அடங்கிரும். அதனால போன் பண்ணுவேன். எடுத்தாப் போதும், "என்ன பண்றே?" "வேலை பாக்கறேன் மாமா." "சரி." வெச்சுருவேன். கொஞ்ச நேரத்துல மறுக்கா ஒரு பயம். ரோட்டைத் தாண்டறப்ப லாரி ஏதாவது... கேஸ் சிலிண்டர் ஏதாவது... மறுக்கா போன். பொறுப்புள்ள புருசன் இதெல்லாம் பண்ண மாட்டானா?

ஒரு நாளு அவ எடுக்கலை. அடிக்கறேன், அடிக்கறேன், எடுக்கவே இல்லை. அவ ஆபீசுக்கு எதுத்தாப்புல ஒரு ஜெராக்ஸ் கடை, அந்தக் கடைக்காரரு நம்பரை எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கி வெச்சிருந்தேன். அவருக்குப் போட்டு, "கொஞ்சம் போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க"ன்னேன். அவரு நல்ல மனுசன், கொஞ்சம் வெவரம் பத்தாது. உள்ள பெரிய அதிகாரி மீட்டிங் போட்டுட்டிருக்காரு. இவரு கதவைத் தொறந்து, "இங்க கோகிலவாணி யாருங்க? உசுரோட இருக்கறாங்களான்னு அவங்க வீட்டுக்காரரு கேக்கறாரு"ன்னுட்டாரு.

சிரிக்காதீங்க சார். நீங்களும் சிரிக்கறீங்களே.

அன்னிக்குப் பொழுதோட, ஆபீஸ் முடிஞ்சு வந்து, கோகிலா பேசுனா. கத்தலை. கத்தியிருந்தாத் தேவலை. "மாமா, நான் உங்களை விட்டுட்டுப் போகலை. வேலைக்குத்தான் போறேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது. அது உங்களுக்குப் புரியற வரைக்கும் இங்க வர வேண்டாம். டாக்டரைப் பாருங்க. பாக்க ஆரம்பிச்சுட்டேன்னு சொல்லுங்க, நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். இல்லைன்னா, உங்ககூட என்னால முடியாது"ன்னா.

முடியாதுன்னா என்னுங்க அர்த்தம்? நான் குடிக்கறனா? அடிக்கறனா? பாசம் வெச்சது ஒரு குத்தமா?

அவ வாயை அடைக்கறதுக்காக ரெஹானா மேடத்துகிட்டப் போனேன். அவங்க, "நான் கொழந்தைங்களுக்குத்தான் பாக்கறேன் சார்"ன்னு சொல்லிப் பெரியவங்களுக்குப் பாக்கற வேற ஒரு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிக் குடுத்தாங்க. கூடவே ஒண்ணு சொன்னாங்க. "பயம் வந்தா வரட்டும் சார். அது ஏறும், உச்சிக்குப் போகும், அப்புறம் தானா எறங்கும். நீங்க அது எறங்கறதுக்குள்ள போனை எடுத்துர்றீங்க. அதனால போனாலதான் எறங்குச்சுன்னு நெனச்சுக்கறீங்க. ஒரு தடவையாவது அது தானா எறங்கறதைப் பாருங்க."

பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்குது. எரிஞ்சுட்டிருக்கற மோட்டாரைத் தானா அணையும்னு கையைக் கட்டிக்கிட்டா பாக்க முடியும்? நான் ஸ்விட்சை நிறுத்தற ஆளுங்க.

அதனால தர்மபுரிக்குப் போனேன். வீட்டுக்குப் போகலை, வாக்குன்னா வாக்கு. பாப்பா ஸ்கூலுக்கு எதுத்தாப்புல ஒரு வேப்ப மரம், அதுக்கடியில நின்னு பாத்துட்டு வந்துட்டேன். அப்புறம் ரெண்டு மூணு தடவை. பாப்பா ஒவ்வொரு தடவையும் என்னையப் பாத்துருச்சுங்க. எப்படித்தான் தெரியுமோ. கோகிலா போன்ல சொன்னா, பாப்பாவுக்கு மறுக்கா வயித்துவலி வருதுன்னு. எனக்கு அப்பவே தெரியும். தர்மபுரித் தண்ணி சரியில்லைங்க. புள்ளைக்கு ஒத்துக்கலை.

போன வாரம் கடைசியாப் போனப்ப ஒண்ணு நடந்துச்சு. அதைத்தான் உங்ககிட்டச் சொல்லணும்னு... கண்டக்டரே, இது எந்த ஊரு? சரி சரி, இன்னும் இருக்குது. உக்காருங்க சார், ஏன் எட்டி எட்டிப் பாக்கறீங்க?

மத்தியானம், வெளையாட்டு நேரம். பாப்பா மிஸ்ஸுகிட்டப் போயி என்னமோ சொல்லிட்டு, நேரா கேட் பக்கம் வந்துச்சு. நான் ஓடிப்போயிக் கம்பியைப் புடிச்சுக்கிட்டேன். "கண்ணு, சாப்பிட்டியா, அம்மா அடிக்கறாளா, ஸ்கூல் புடிக்குதா, அப்பாகூட ஊருக்கு வந்தர்றயா"ன்னு நான் கேட்டுக்கிட்டே இருக்கறேன். பாப்பா கம்பிக்கு நடுவுல கையை உட்டு என் மொகத்தைத் தொட்டுச்சு. தொட்டுட்டு, "அப்பா, நான் பொழுதோட போன் பண்றேன். நீ போ"ன்னுச்சு. ஒரு முத்தத்தைக் காத்துல குடுத்துச்சு. திரும்புச்சு. போயிருச்சு. திரும்பிப் பாக்கவே இல்லை. ஊஞ்சல்கிட்டப் போற வரைக்கும் பாத்தேன், தோளு ரெண்டும் வெறப்பா வெச்சுக்கிட்டுப் போச்சு. திரும்பக் கூடாது, திரும்பக் கூடாதுன்னு யாரோ சொல்லிக் குடுத்த மாதிரி.

யாரு சொல்லிக் குடுத்திருப்பாங்க? எல்லாம் அந்த ஈரோட்டு அம்மாதான். அப்பன்கிட்டயே காட்டுது பாருங்க வைத்தியத்தை.

ஆனா பொழுதோட போன் வந்துச்சுங்க. சொன்ன மாதிரியே. நான் பண்ணலை, அதுவே பண்ணுச்சு. "அப்பா, சொன்னேன்ல, பண்ணிட்டேன்ல?"ன்னுச்சு. "நாளைக்கும் பண்றேன். நீ இருப்பியா?" "இருப்பேன் கண்ணு."

அன்னிக்கு நெஞ்சுல ஒரு படபடப்பும் இல்லைங்க. படுத்ததும் தூங்கிட்டேன். காலையில எந்திரிச்சு எனக்கே ஆச்சரியம். அப்புறந்தான் புரிஞ்சுது, முந்தின நாளு மெடிக்கல்ல அந்த கேஸ் மாத்திரையை வேற கம்பெனி மாத்திக் குடுத்திருந்தான். அதுதான் வேலை செஞ்சிருக்குது. உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, பேரு எழுதித் தர்றேன்.

கோகிலாகூட அதுக்கப்புறம் கொஞ்சம் எறங்கி வந்தா. "மாமா, புதன்கிழமை டாக்டரைப் பாத்துட்டு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் வாங்க. பாப்பா உங்களுக்குன்னு ஒரு தலைகாணி எடுத்து வெச்சிருக்குது"ன்னா. குரலே மாறியிருந்துச்சு. நல்ல பொம்பளைங்க, கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான்.

இன்னிக்குங்களா? ஆமாங்க, இன்னிக்குப் புதன்கிழமைதான். அந்தப் பெரியவங்க டாக்டரு வரச் சொன்னது இன்னிக்குத்தான். ஈரோட்டுக்குப் போகலாம்னுதான் சார் காலையில கெளம்புனேன். பஸ் ஸ்டாண்டுல ரெண்டு வண்டியும் பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு. பாத்தா, காலு இதுல ஏறிருச்சு. டாக்டரை எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம். தர்மபுரியில ரூம் போட்டுத் தங்கிக்குவேன். அவங்களுக்குத் தெரியவே தெரியாது. தெருமுனையில நின்னு வீட்டுல லைட்டு எரியுதான்னு பாத்தாப் போதும். வெள்ளிக்கிழமை அப்பத்தான் பஸ்ஸை விட்டு எறங்குனவனாட்டப் போயி நிப்பேன். டாக்டரைப் பாத்தாச்சான்னு கேட்டா, பாத்தாச்சும்பேன். அவ சந்தோசத்துக்குத்தானே? பாப்பா கேட்டாத்தான்... பாப்பா கேக்காது. கேட்டா என்ன சொல்றதுன்னு வழியில ரோசனை பண்ணிக்கலாம். அதுக்குத்தான் உங்களை மாதிரி ஒரு ஆளு கெடச்சா நல்லதுன்னு...

என்னுங்க, அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க? ஸ்டாண்டு இன்னும் தள்ளி இருக்குது. நான் இன்னும் முடிக்கவே இல்லையே. தப்பு யாரு மேலன்னும் நீங்க சொல்லவே இல்லை. சேலம் வரைக்கும் வந்துட்டுத் திரும்பி வாங்களேன், வண்டி ஓடிட்டேதான் இருக்கும். முடியாதுங்களா? வீட்டுல காத்துட்டிருப்பாங்களா?

சார், ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்கப்படாது. பவானியில இருந்தே பாத்துட்டு வர்றேன். வாட்சைப் பாக்கறீங்க, ஜன்னலைப் பாக்கறீங்க, பையை இறுக்கிப் புடிச்சுக்கறீங்க, நெத்தி பூராவும் வேர்வை. எனக்குத் தெரியுமுங்க இது என்னன்னு. எறங்குனா இனித் தனியாப் போகணுமேன்னு மனசுக்குள்ள ஒரு இது. வெக்கப்படாதீங்க. வெளிய சொல்லத்தான் நமக்கெல்லாம் கூச்சம்.

கண்டக்டரே, ரெண்டு பேரு எறங்கணும்! ரெண்டு பேரு! நிறுத்துங்க.

எனக்கென்னுங்க, சேலத்துக்கு வண்டிக்கா பஞ்சம்? உங்களை வீடு வரைக்கும் கொண்டு போயி உட்டுட்டுப் போறேன். மொள்ள எறங்குங்க, படி ஒயரம். இந்தாங்க, என் கையைப் புடிச்சுக்கங்க. உடாதீங்க.